நிலைமொழியும் வருமொழியும்: வீட்டு ஒலிக்கருவிகளிடையே மட்டப் பொருத்தம்

முன்னுரை

வாய்விட்டுச் சொன்ன சொல் காற்றோடு கலந்து மறையும் என்பதே நெடுங்காலம் மனிதன் கண்ட உண்மை. ஏட்டில் எழுத்து நின்றது, ஒலி நிற்கவில்லை. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஃபோனோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கியபோதுதான், பேசிய குரலையே மீண்டும் கேட்கும் வாய்ப்புப் பிறந்தது. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கையடக்கமான ஒலிப்பேழையை அறிமுகம் செய்தது. அதன்பின் எளிய குடும்பத்தினரும் தாம் விரும்பிய குரலைத் தாமே பதிந்து வைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

அப்பேழைகள் நம் சமுதாயத்தில் ஆற்றிய பணி பெரிது. மீலாது மேடைகளில் முழங்கிய சொற்பொழிவுகளும், சீறாப்புராண விரிவுரைகளும், 2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபாவின் பாடல்களும் ஒலிப்பேழைகள் வழியாகவே ஊர்தோறும் பரவின. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலையே நாடாவில் பதிந்து வீட்டிற்கு அனுப்பிய காலமும் ஒன்றுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு அதுவே கடிதம். அக்குரலுக்கு உரியவர்கள் பலர் இன்று இல்லை. நாடாக்கள் மட்டும் பீரோக்களிலும் பரண்களிலும் கிடக்கின்றன.

இவற்றைக் கணினிக்கு மாற்றிப் பாதுகாக்கும் முயற்சி இப்போது பல வீடுகளிலும் நடைபெறுகின்றது. பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் அவ்வாறு மாற்றப்பட்டவற்றுள் பல, கேட்கத் தக்கனவாக அமையவில்லை. சில கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்து ஒலிக்கின்றன. சில கரகரத்துச் சிதைகின்றன. வேறு சிலவற்றில் குரலைக் காட்டிலும் இரைச்சலே மிகுந்திருக்கின்றது. நாடாவும் கருவிகளும் நல்ல நிலையில் இருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. அவற்றிற்கிடையே அமைந்த இணைப்புப் பொருந்தாமையே அப்போது காரணம். அப்பொருத்தத்தின் இயல்பையும், அதனை எய்தும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் தரும் ஒப்புமை

தமிழ் மாணவர்க்குப் புணர்ச்சி இலக்கணம் புதிதன்று. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்தில் மாற்றம் ஏதுமின்றி அமைவது இயல்புப் புணர்ச்சி. பொன் + மலை = பொன்மலை என்பது போல. மாற்றம் நேர்ந்தால் அது விகாரப் புணர்ச்சி. அவ்விகாரம் மூவகைப்படும். பூங்கொடி என்பதில் இல்லாத எழுத்தொன்று தோன்றுகின்றது. பொற்குடம் என்பதில் இருந்த எழுத்துத் திரிகின்றது. மரவேர் என்பதில் இருந்த எழுத்துக் கெடுகின்றது.

இரு மின்கருவிகள் கம்பியால் இணையுமிடத்தும் இம்மூன்றே நிகழக் காண்கிறோம். ஒலியை அனுப்பும் கருவியை நிலைமொழி என்றும், வாங்கும் கருவியை வருமொழி என்றும் கொள்வோம். இணைப்பில் ஒலியின் ஒரு பகுதி இழக்கப்படுவது கெடுதல். வடிவம் சிதைவது திரிதல். இல்லாத இரைச்சலும் முரலொலியும் வந்து சேர்வது தோன்றல். ஒன்றும் நேராமல் வந்த ஒலி வந்தவாறே சென்று சேருமாயின் அதுவே இயல்பு.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. மொழியில் விகாரம் குற்றமன்று. அது விதிவழி நிகழ்ந்து ஓசைக்கு இனிமை சேர்ப்பது. கருவிகளிலோ விகாரம் குற்றமே. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

மட்டம் என்பது யாது?

ஒலி, மின்கருவிக்குள் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக ஓடுகின்றது. அதனையே சிக்னல் என்கின்றனர். நாம் குறிகை என வழங்குவோம். அக்குறிகை எத்தனை வோல்ட் வலிமையுடன் ஓடுகின்றது என்பதே அதன் மட்டம். கொத்தனார் ரசமட்டம் வைத்துத் தளத்தைச் சமன் செய்வதுபோல, இரு கருவிகளின் மட்டத்தையும் அறிந்து சமன் செய்தல் வேண்டும்.

எல்லாக் கருவிகளும் ஒரே மட்டத்தில் குறிகையைத் தருவதில்லை. ஒலிவாங்கியாகிய மைக் தருவது சில மில்லிவோல்ட் அளவே. இசைத்தட்டின் முள்ளில் நகர்காந்த வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும்; நகர்சுருள் வகை அதனிலும் குறைந்து அரை மில்லிவோல்ட்டிற்கும் கீழே நிற்கும். வீட்டு ஒலிநாடாக் கருவி, வானொலி ஆகியவற்றின் ‘லைன்’ துளைகளுக்கு வழக்கிலுள்ள அளவு 0.316 வோல்ட். அரங்குகளிலும் ஒலிப்பதிவு நிலையங்களிலும் உள்ள தொழில்முறைக் கருவிகளுக்கு அது 1.23 வோல்ட். குறுந்தட்டுக் கருவியோ தன் உச்ச நிலையில் 2 வோல்ட் தர வல்லது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் கம்பியில் மட்டம் இன்னும் மிகும். 8 ஓம் பெட்டிக்கு 10 வாட் ஆற்றல் செல்லும்போது அக்கம்பியில் ஏறத்தாழ 9 வோல்ட் இருக்கும்.

அரை மில்லிவோல்ட் எங்கே? 9 வோல்ட் எங்கே? இடைவெளி பதினெண்ணாயிரம் மடங்கு. ஆயினும் இவற்றுள் பலவற்றின் செருகிகளும் துளைகளும் ஒரே தோற்றம் உடையன. செருகி துளைக்குள் நுழைகின்றது என்பதனாலேயே இணைப்பு முறையானது எனக் கொள்வது தவறு. எழுத்து ஒன்றாயினும் பொருள் வேறாகும் சொற்கள் நம் மொழியில் பல உண்டல்லவா? அதுபோன்றதே இது.

டெசிபெல் என்னும் அளவை

இத்தகைய பெரும் இடைவெளிகளை வோல்ட்டால் மட்டும் பேசுவது கடினம். நம் செவியும் கூட்டல் கணக்கில் ஒலியை உணர்வதில்லை. மடங்குக் கணக்கிலேயே உணர்கின்றது. இதற்கெனத் தொலைபேசிப் பொறியாளர்கள் வகுத்த அளவையே டெசிபெல். அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பினர் 1928-இல், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக இப்பெயரைச் சூட்டினர்.

மாணவர் நினைவில் கொள்ள வேண்டிய வாய்பாடு சிறியது. மின்னழுத்தம் இரு மடங்காயின் 6 டெசிபெல். நான்கு மடங்காயின் 12. பத்து மடங்காயின் 20. நூறு மடங்காயின் 40. ஆயிரம் மடங்காயின் 60. மடங்குகள் பெருகும்போது டெசிபெல்கள் கூடும். இவ்வாய்பாட்டைக் கொண்டு நோக்கினால் வீட்டுக் கருவிக்கும் அரங்கக் கருவிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 12 டெசிபெல் எனத் தெரியும். 5 மில்லிவோல்ட் தரும் இசைத்தட்டு முள்ளுக்கும் 2 வோல்ட் தரும் குறுந்தட்டுக் கருவிக்கும் இடையே 400 மடங்கு, அதாவது 52 டெசிபெல் வேறுபாடு உள்ளது.

தமிழ் இலக்கணிகள் ஒலியை அளந்தவர்களே. எழுத்தொலி நீடிக்கும் காலத்தைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்து மாத்திரை வகுத்தனர். எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலிப்பின் வேறுபாடுகளையும் நன்னூலார் சுட்டுவார். மாத்திரை ஒலியின் காலத்தை அளப்பது. டெசிபெல் ஒலியின் வலிமையை ஒப்பிட்டு அளப்பது. இரண்டும் செவியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை என்பது நோக்கத்தக்கது.

கெடுதல்

ஒரு கருவி தரும் மின்னழுத்தம் முழுவதும் அடுத்த கருவிக்குக் கிடைப்பதில்லை. அனுப்பும் கருவிக்குள் ஒரு தடை உண்டு. வாங்கும் கருவிக்குள்ளும் ஒரு தடை உண்டு. மாறுமின்னோட்டத்தில் இதனை மின்மறிப்பு என்பர். இவ்விரு தடைகளும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். வாங்கும் கருவியின் பங்கே நமக்கு ஒலியாகக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, அனுப்பும் கருவியின் மறிப்பு 10,000 ஓம், வாங்கும் கருவியின் மறிப்பும் 10,000 ஓம் எனில், பாதி மின்னழுத்தம் இழக்கப்படும். இழப்பு 6 டெசிபெல். அனுப்பும் கருவியின் மறிப்பு 1,000 ஓம் எனில் பதினொன்றில் பத்துப் பங்கு சென்று சேரும். இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. ஆகவே வாங்கும் கருவியின் மறிப்பு, அனுப்பும் கருவியின் மறிப்பைப் போலக் குறைந்தது பத்து மடங்கு இருத்தல் வேண்டும் என்பது வீட்டு ஒலிக்கருவிகளுக்குரிய பொதுவிதி.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பொருத்தம் என்றால் இரு மறிப்புகளும் சமமாக இருக்க வேண்டாமா? நெடுந்தொலைவு ஓடும் தொலைபேசிக் கம்பிகளில் சமமாக்கினர்; அங்கே அதற்குக் காரணம் உண்டு. வீட்டில் இரண்டு முழம் கம்பிக்கு அவ்விதி பொருந்தாது. பொருத்தம் வேறு, சமம் வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

கெடுதல் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. பழைய எளிய இசைத்தட்டுப் பெட்டிகளில் படிகவகை முள் இருந்தது. அது ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் மறிப்பை எதிர்பார்க்கும். அதனை 47,000 ஓம் மறிப்புள்ள துளையில் இணைத்தால் தாழ்ந்த சுருதிகள் பெரிதும் கெட்டு, ஆண்குரலும் மெலிந்து கீச்சிடும். கேட்போர் தட்டு தேய்ந்துவிட்டது எனக் கருதித் தட்டையே ஒதுக்கிவிடுவர்.

திரிதல்

குறிகை தேவைக்கு மிகுந்து பாய்ந்தால் நேர்வது திரிதல். ஒவ்வொரு பெருக்கிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லையைக் கடந்த அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகிவிடும். வளைந்து உயர வேண்டிய அலை மொட்டையாகும்போது, மூலத்தில் இல்லாத கரகரப்புப் பிறக்கின்றது.

கணினியில் இவ்வெல்லை மிகக் கடுமையானது. 16 இலக்கப் பதிவில் ஒவ்வொரு கணத்தின் ஒலியும் கூட்டல் 32,767-க்கும் கழித்தல் 32,768-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாக எழுதப்படும். அதற்கு மேற்பட்ட எண்ணை எழுத அங்கே இடமில்லை. நாடா, எல்லை கடந்த ஒலியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது. பதிந்தபின் ஒலியளவைக் குறைத்தாலும் வெட்டுண்ட முடி திரும்ப வளராது. சிறிய மொட்டையாகவே அது நிற்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் நிகழும் பிழை இதுவே. ஒலிநாடாக் கருவியின் காதணித் துளையிலிருந்து கம்பியை எடுத்துக் கணினியின் மைக் துளையில் செருகுகின்றனர். காதணித் துளை பல நூறு மில்லிவோல்ட் தர வல்லது. மைக் துளையோ சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து நிற்பது. இடைவெளி ஏறத்தாழ நூறு மடங்கு; 40 டெசிபெல். மேலும் பல கணினிகளின் மைக் துளை, இடம் வலம் என்னும் இரு தடங்களையும் வாங்குவதன்று. ஒற்றைத் தடமே உடையது. இவ்விணைப்பில் ஒலி திரியாமல் இருந்தால்தான் வியப்பு.

விழா அரங்குகளிலும் இதே பிழை நிகழ்கின்றது. அரங்கக் கலவைக்கருவியின் 1.23 வோல்ட் குறிகையை நேரே ஒளிப்படக்கருவியின் மைக் துளைக்குக் கொடுத்தால் வேறுபாடு ஏறத்தாழ 300 மடங்கு, 50 டெசிபெல். மேடையில் தெளிவாகக் கேட்ட பேருரை பதிவில் சிதைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பேருரையை மீண்டும் நிகழ்த்தச் சொல்ல யாரால் இயலும்?

இசைத்தட்டுத் துளையில் பிற கருவிகளை இணைப்பதும் திரிதலுக்கு வழி. ‘ஃபோனோ’ எனக் குறிக்கப்பட்ட அத்துளை மில்லிவோல்ட்டுகளுக்கென அமைந்தது. மேலும், தட்டில் வெட்டும்போது தாழ்சுருதியைக் குறைத்தும் உயர்சுருதியைக் கூட்டியும் வெட்டுவர். ஃபோனோ துளை அதனை நேர்மாறாகத் திருத்தும். குறுந்தட்டுக் கருவியை அங்கே இணைத்தால் வலிமையும் மிகும், சுருதிச் சமநிலையும் குலையும். இதனால் மட்டப் பொருத்தம் அளவை மட்டுமன்று, துளையின் இயல்பையும் அறிந்து செய்ய வேண்டியது என்பது தெளிவு.

தோன்றல்

குறிகை மிகுந்தால் திரிதல், குறைந்தால் தோன்றல். எந்தப் பெருக்கியும் தனக்கென ஓர் இரைச்சலை உடையது. மெலிந்த குறிகை வந்தால் அதனை எழுப்ப நாம் பெருக்கத்தைக் கூட்டுகிறோம்; குறிகையோடு இரைச்சலும் கூடியே எழுகின்றது. பயிரோடு களைக்கும் நீர் பாய்ச்சுவது போன்றது இது.

கம்பியிலும் தோன்றல் நிகழும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகளை உடையது. அருகில் ஓடும் மின்கம்பிகள் நம் ஒலிக்கம்பியில் மெல்லிய முரலொலியை ஏற்றிவிடும். அம்முரலொலி 0.3 மில்லிவோல்ட் எனக் கொள்வோம். கம்பியில் குறிகை 0.3 வோல்ட் ஓடினால் குறிகை முரலொலியைவிட ஆயிரம் மடங்கு. 60 டெசிபெல் மேலே நிற்கும். செவிக்கு முரலொலி எட்டாது. அதே கம்பியில் குறிகை 3 மில்லிவோல்ட் மட்டுமே எனில் பத்து மடங்கு. 20 டெசிபெல்தான் இடைவெளி. அப்போது பேச்சின் ஒவ்வோர் இடைவெளியிலும் முரலொலி தெளிவாகக் கேட்கும். ஆகவே குறிகையைக் கம்பியில் ஏற்றும் முன்பே தக்க மட்டத்திற்கு உயர்த்துதல் வேண்டும். பின்னர் உயர்த்துவது பயன்தராது.

இரு கருவிகளும் வெவ்வேறு இடங்களில் நிலத்தொடர்பு பெற்றாலும் முரலொலி எழும். அதனைப் போக்க நிலத்தொடர்பு முள்ளை ஒடிப்போர் உளர். அது உயிருக்கே இடர் விளைவிப்பது, ஒருபோதும் செய்யலாகாது. இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணைத்தாலே பெரும்பாலும் முரலொலி தணியும். தணியாவிடின் ஒலிக்கம்பியின் இடையே தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை வைக்கலாம்.

தோன்றலுக்கு மூன்றாவது வழி, தானியங்கு மட்டச் சீராக்கம். பேச்சு நின்றவுடன் கருவி தானே பெருக்கத்தைக் கூட்டும். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசையும் நாடாவின் இரைச்சலும் பொங்கி எழும். அவர் மீண்டும் பேசத் தொடங்கியதும் அடங்கும். நல்ல பேச்சில் மௌனத்திற்கும் பொருள் உண்டு. அம்மௌனத்தைக் கெடுக்கும் இவ்வசதியைப் பதிவின்போது நிறுத்தி வைத்தலே நன்று.

தணிப்பான் அமைக்கும் முறை

மட்டம் மிகுந்த குறிகையைக் குறைக்க எளிய வழி, இரு மின்தடைகளால் ஆகிய தணிப்பான். 9,000 ஓம் தடையையும் 1,000 ஓம் தடையையும் தொடராக இணைத்து, 1,000 ஓம் தடையின் இரு முனைகளிலிருந்து குறிகையை எடுத்தால் பத்தில் ஒரு பங்கே கிடைக்கும். தணிவு 20 டெசிபெல்.

லைன் துளையோ காதணித் துளையோ இல்லாத பழைய பெருக்கி ஒன்றில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் கம்பி மட்டுமே உள்ளதெனக் கொள்வோம். அதன் 9 வோல்ட் குறிகை இத்தணிப்பானைக் கடந்தால் 0.9 வோல்ட்டாகும். பெருக்கியின் ஒலியளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் லைன் துளைக்கு அது முற்றும் பொருந்தும். தடைகள் சில ரூபாய்க்குக் கிடைப்பவை. நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் இதனை அமைத்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சில பெருக்கிகளில், குறிப்பாக உந்துகளில் பொருத்தப்படும் பெருக்கிகளில், பெட்டிக்குச் செல்லும் இரு முனைகளிலும் குறிகை ஓடும், எதுவும் நிலத்தொடர்புடையதன்று. அவற்றின் ஒரு முனையைக் கணினியின் நிலத்தோடு சேர்த்தால் பெருக்கி பழுதாகும். ஐயமிருப்பின் அறிந்தவரைக் கேட்டே இணைத்தல் வேண்டும்.

நாடாவைக் கணினிக்கு மாற்றும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றும் நெறியை இனி வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, ஒலிநாடாக் கருவியில் சிவப்பும் வெள்ளையுமாக அமைந்த லைன் துளைகள் இருப்பின் அவற்றையே பயன்படுத்துக. பொதுவாக ஒலியளவுத் திருகின் நிலை அவற்றைப் பாதிப்பதில்லை. அவை இல்லாவிடில் மட்டுமே காதணித் துளையை நாடுக. அப்போது ஒலியளவுத் திருகை இடைநிலையில் வைத்து, தாழ்சுருதியைக் கூட்டும் வசதிகளை நிறுத்துக.

இரண்டாவது, கணினியில் மைக் துளையைத் தவிர்த்து லைன் துளையைத் தேர்க. அது இல்லாவிடில் யுஎஸ்பி வழி இணையும் சிறிய ஒலி இடைமுகக் கருவி ஒன்றை வாங்குதல் தகும்.

மூன்றாவது, நாடா டால்பி முறையில் பதியப்பட்டதாயின் அதனைக் கருவியிலேயே நீக்கிக்கொள்க. டால்பி ‘பி’ முறை, பதியும்போது மெலிந்த உயர்சுருதிகளைப் 10 டெசிபெல் வரை உயர்த்தும். கேட்கும்போது அதே அளவு தாழ்த்தும். எவ்வளவு தாழ்த்துவது என்பதைக் குறிகையின் மட்டத்தைக் கொண்டே அது முடிவு செய்யும். மட்டம் பிறழ்ந்தால் குரலின் தெளிவும் பிறழும்.

நான்காவது, நாடாவில் மிக உரத்து ஒலிக்கும் பகுதியைத் தேடி முதலில் ஓட்டுக. அப்பகுதியின் உச்சம் கணினியின் எல்லைக்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு உள்வாங்கும் மட்டத்தை அமைக்க. எதிர்பாராத கைதட்டலும் முழக்கமும் எழுந்தால் ஏறுவதற்கு அவ்விடைவெளி உதவும்.

இவ்வாறு இடம் விட்டால் தரம் குறையாதோ எனச் சிலர் அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை. இலக்கம் ஒன்றிற்கு ஏறத்தாழ 6 டெசிபெல் வீதம் 16 இலக்கப் பதிவு 96 டெசிபெல் இடைவெளியைத் தாங்கும். 12 போனாலும் 84 எஞ்சும். ஒலிநாடாவின் உரத்த ஒலிக்கும் அதன் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியோ, இரைச்சல் நீக்கம் இல்லாத நிலையில் 50, 60 டெசிபெல் அளவே. 24 இலக்கப் பதிவு கிட்டுமாயின் இன்னும் நன்று.

ஐந்தாவது, ஒருமுறை அமைத்த மட்டத்தை நாடா முடியும்வரை மாற்றாதிருக்க. ஒலியளவை ஒழுங்கு செய்வதும் இரைச்சலைக் குறைப்பதும் பின்னர் ஒரு படியில் செய்யத்தக்கவை. முதற்படி தீண்டப்படாமல் இருத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் மூலத்தைத் திருத்தி எழுதுவதில்லை. மூலத்தைக் காத்து, திருத்தத்தை வேறாகக் காட்டுவர். ஒலிக்கும் அந்நெறியே உகந்தது. மாற்றிய பின்னும் நாடாவை எறிந்துவிடலாகாது. படிகளை இரண்டு இடங்களிலேனும் வைத்தல் வேண்டும்.

ஒப்பிடுவதில் நேர்மை

மட்டப் பொருத்தம் பாதுகாப்பிற்கு மட்டுமன்றி மதிப்பீட்டிற்கும் தேவை. இரு பெருக்கிகளுள் எது சிறந்தது? இரு படிகளுள் எது தெளிவானது? இவ்வாறு ஒப்பிடும்போது நம் செவி நம்மை ஏமாற்றும். ஒன்று மற்றதைவிடச் சிறிது உரத்து ஒலித்தாலும், உரத்தது என உணராமல், சிறந்தது என்றே மனம் முடிவு செய்துவிடும்.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933-இல் செவியின் உணர்திறனை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலியும்போது தாழ்சுருதியைச் செவி பெரிதும் இழக்கின்றது. உரக்கும்போது அதனை மீண்டும் பெறுகின்றது என்பது அதனால் புலனாயிற்று. எனவே உரத்த ஒலி நிறைவுடையதாகத் தோன்றுகின்றது. முறையாக ஒப்பிட விரும்புவோர், ஒரே தொனியை இரு கருவிகளிலும் ஒலிக்கச் செய்து, ஒலிபெருக்கிப் பெட்டியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, 0.1 டெசிபெல் அளவிற்குச் சமன் செய்வர். மின்னழுத்தத்தில் அது நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற்குச் சற்று மிகுந்த வேறுபாடு.

விற்பனைக் கூடத்தில் ஒரு பெருக்கியைச் சற்றே உரக்க ஒலிக்கவிட்டு அதுவே சிறந்தது எனக் காட்டிவிட முடியும். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயத்தவர் நாம். தானியத்திற்கும் துணிக்கும் உரிய அவ்வொழுங்கு செவியால் அளக்கப்படும் பொருளுக்கும் பொருந்தாதோ? பேச்சுப்போட்டி நடுவர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஒலிவாங்கிக்கு அண்மையில் நின்றவர் கருத்தாலும் வென்றாரா, மட்டத்தால் மட்டும் வென்றாரா என்பது ஆராயத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. செருகி பொருந்துவது இணைப்பு ஆகாது. மட்டம் பொருந்துவதே இணைப்பு. வாங்கும் கருவியின் மறிப்பு மிகுந்திருப்பின் கெடுதல் நீங்கும். எல்லைக்குக் கீழே இடம் விட்டு அமைத்தால் திரிதல் நீங்கும். தொடக்கத்திலேயே தக்க வலிமை கொடுத்தால் தோன்றல் நீங்கும். மிகையும் குறையும் தவிர்ந்த நடுநிலையே எஞ்சுவது. தொழுகையில் ஓதுங்கால் மிக உரக்கவும் வேண்டா, மிக மெதுவாகவும் வேண்டா, இடைப்பட்ட வழியை மேற்கொள்க எனத் திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் அறிவுறுத்துவது இங்கு எண்ணத்தக்கது.

காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாடாவின் மேற்பூச்சு ஆண்டுதோறும் நலிந்துவருகின்றது. அதனை ஓட்டும் கருவிகளும், பழுது பார்க்கும் கைகளும் அருகிவருகின்றன. ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்றபின் வருந்திய வரலாறு நமக்கு உண்டு. ஒலிச்சுவடிகளுக்கும் அந்நிலை நேரலாகாது.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்போது வீட்டிலும் உறவினர் இல்லங்களிலும் உள்ள ஒலிப்பேழைகளைக் கணக்கெடுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு எனப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அதனைச் சொல்ல வல்லவர்கள் இன்று நம்மோடு இருக்கின்றார்கள். தமிழ்த்துறை மாணவர்கள் குரலையும் பொருளையும் அறிந்து பட்டியலிடட்டும். இயற்பியல் மாணவர்கள் மட்டம் பொருந்த இணைத்துப் படி எடுக்கட்டும். இரு துறையும் கூடுமிடத்திலும் இயல்புப் புணர்ச்சியே அமையட்டும். ஊர்ப் பெரியவர்கள் தம்மிடமுள்ள பேழைகளை நம்பி ஒப்படைக்கும் அளவிற்கு அப்பணி செம்மையாக நடைபெறுதல் வேண்டும் என்பதே நம் அவா. வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக.